போத்தாப் உறங்கிய குளிர்காலம்

ரஷ்யாவில் சக்கரவர்த்தியின் ஆட்சி கவிழ்ந்து, உள்நாட்டுப் போரில் தோற்றவர்கள் கப்பலேறித் திசைக்கொருவராகச் சிதறிய காலம். அப்படிச் சிதறியவர்களில் சிலர் செர்பியாவில் ஒரு மலையடிவாரத்து நகரத்தில் வந்து ஒதுங்கினார்கள். நகரத்துக்கு மேலே, சரிவில், யாருமில்லாமல் கிடந்த பழைய மடம் ஒன்று இருந்தது. கூரையைச் சரிசெய்து, அடுப்பு மூட்டி, மணியைத் தொங்கவிட்டு, நாலைந்து கன்னியரோடு அதில் குடியேறியவர் மெலானியா அம்மா.

அந்த மடத்துக்கு விறகு பிளக்க ஓர் ஆள் இருந்தார். பெயர் லுக்யான். அறுபதைத் தாண்டியவர். மெலானியா அம்மாவைவிடப் பத்து வயதாவது மூத்தவர். ஆனாலும் அந்த அம்மாவைத்தான் குருவாக வரித்துக்கொண்டிருந்தார்.

அகதி முகாமில் லுக்யான் காய்ச்சலில் கிடந்தபோது பலரும் வந்து ஆறுதல் சொன்னார்கள். அடுத்த வசந்தத்தில் எல்லாரும் ஊர் திரும்பிவிடலாம் என்றார்கள். மெலானியா அம்மா மட்டும் தலைமாட்டில் உட்கார்ந்து, ஒன்றும் சொல்லாமல், வாயில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். ஜுரம் விட்டதும் லுக்யான் அந்த அம்மா போன வழியைக் கேட்டு விசாரித்து மலையேறி வந்துவிட்டார்.

அவர் தனியாக வரவில்லை. கூடவே ஒரு கரடியும் வந்தது.

கரடியின் பெயர் போத்தாப். ரஷ்யாவின் வடக்கே, உன்ஷா ஆற்றங்கரைக் காட்டில், தாயை வேட்டைக்காரர்கள் சுட்டுவிட, பனியில் முனகிக்கொண்டிருந்த குட்டியை லுக்யான்தான் கண்டெடுத்தார். அப்போது அவர் படையிலிருந்து விடுப்பில் வந்திருந்தார். மனைவி பிரஸ்கோவ்யா அதைத் தன் கம்பளிச் சால்வைக்குள் போட்டுக்கொண்டு, பாலில் நனைத்த துணியைச் சப்பக் கொடுத்தாள். சால்வை கிழிந்து, கோழிக்கூடும் உடைந்த பிறகு, "போதும். நீங்களே கொண்டுபோங்கள், உங்கள் அதிகாரிகள் வளர்க்கட்டும்" என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள்.

லுக்யான் படையில் கொடி தூக்குபவர். அந்தப் படைப்பிரிவின் சின்னமே கரடிதான். கொடியில் வரைந்திருந்தது உயிரோடு வந்து நின்றதும் அதிகாரிகளுக்குத் தலைகால் புரியவில்லை. கழுத்துக்குத் தோல்பட்டை தைத்தார்கள். பட்டையில் பித்தளையில் வார்த்த இரட்டைத்தலைக் கழுகைப் பதித்தார்கள். அது சக்கரவர்த்தியின் முத்திரை. அணிவகுப்பில் முதலில் கொடி, பின்னால் கரடி, அதற்குப் பிறகுதான் ஆட்கள்.

எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடிய நாளில் பீரங்கிகளைக் கடலில் தள்ளினார்கள். குதிரைகளைக் கரையிலேயே விட்டார்கள். கப்பலில் மனிதர்களுக்கே இடமில்லை. ஆனாலும் போத்தாப்பை ஏற்றினார்கள். வேண்டாம் என்று ஒருவரும் சொல்லவில்லை.

பிரஸ்கோவ்யா ஊரில் இருந்தாள். "உருளைக்கிழங்கு தோண்டுகிற சமயத்துக்கு வந்துவிடுவேன்" என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பியவர் லுக்யான். அதற்குப் பிறகு எத்தனையோ முறை கிழங்கு விளைந்து, தோண்டி, தின்று தீர்ந்திருக்கும். அவளிடமிருந்து ஒரு தகவலும் இல்லை. அங்கே போகவும் வழி இல்லை. எல்லையில் சுடுகிறார்கள் என்றார்கள்.

மடத்துக்குப் பின்னால் ஓர் இரும்பு முளையடித்து, சங்கிலியில் போத்தாப்பைக் கட்டியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் நகரத்து ரஷ்யர்கள் எல்லாரும் அங்கே வந்துவிடுவார்கள். ஒரு பெண்மணி அதன் முன்னால் மண்டியிட்டு அழுவாள். செருப்புத் தைத்துப் பிழைக்கிற ஒரு பிரபு அதன் காதில் தன் ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டுப் போவார். போகும்போது ஒவ்வொருவரும் கழுத்துப்பட்டையில் இருந்த கழுகைத் தொட்டு விரலை முத்தமிட்டுக்கொள்வார்கள். போத்தாப் அசையாமல் நிற்கும். அசையாமல் நிற்கத்தான் அதைப் பழக்கியிருந்தார்கள்.

கடைசியாக கர்னல் ஷெர்பினின் வருவார். படையை நடத்தியவர். இப்போது ஒரு மரக்கடையில் காவல் வேலை. விறைத்து நின்று கரடிக்கு சல்யூட் அடிப்பார். பிறகு திரும்பிப் பார்க்காமல் இறங்கிப் போய்விடுவார்.

எல்லாரும் போன பிறகு லுக்யான் சமையலறை வாசலுக்கு வருவார்.

"அம்மா, நான் எப்போது ஊருக்குப் போவேன்?"

"வெளியே விறகு நனைகிறது, லுக்யான்" என்பார் மெலானியா அம்மா. இன்னொரு ஞாயிற்றுக்கிழமை, "கிணற்றுக் கயிறு தேய்ந்திருக்கிறது" என்பார்.

லுக்யான் போய் விறகை மூடுவார். கயிற்றை மாற்றுவார். அடுத்த ஞாயிறு மறுபடி வந்து கேட்பார்.

ஓர் இலையுதிர் காலத்தில், வேலைநாள் ஒன்றில், அந்த அம்மாவே கரடி கட்டியிருந்த இடத்துக்கு வந்தார். ஒரு கல்லில் உட்கார்ந்து வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். போத்தாப் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக்கொண்டு நின்றது.

"ஏன் தலையைச் சாய்க்கிறது?"

"எப்போதும் அப்படித்தான் அம்மா. பெருமையாக நிற்கும்."

"பட்டையைக் கழற்றுங்கள்."

லுக்யான் தயங்கினார். ஊரை விட்டு வந்த நாளிலிருந்து அந்தப் பட்டையைக் கழற்றியதே இல்லை. கொக்கி துருப்பிடித்திருந்தது. எண்ணெய் விட்டு, நெம்பி, ஒருவழியாகக் கழற்றினார். உள்பக்கத்தைப் பார்த்ததும் அவர் கை நின்றுவிட்டது.

பித்தளைக் கழுகின் இறக்கை முனை தோலைத் தாண்டி உள்ளே வந்திருந்தது. அது படுகிற இடத்தில் கரடியின் கழுத்தில் முடி இல்லை. சதை தெரிந்தது. ஞாயிறுதோறும் ஆட்கள் தொட்டுத் தொட்டு அழுத்திய இடம்.

"நான் பார்க்கவே இல்லையே, அம்மா. தினமும் சோறு வைக்கிறேன். பார்க்கவே இல்லையே."

மெலானியா அம்மா வெந்நீரும் தேன்மெழுகுக் களிம்பும் கொண்டுவந்தார். லுக்யான் புண்ணைக் கழுவிக் களிம்பு தடவினார். போத்தாப் முனகிக்கொண்டே கழுத்தைக் கொடுத்தது. தேன் வாடை பிடித்துவிட்டது போலிருக்கிறது, அவர் மணிக்கட்டை நக்க ஆரம்பித்தது. கழுத்தில் தடவியதைவிட அதன் வயிற்றுக்குள் போனதுதான் அதிகம்.

கழுகை மடியில் வைத்துத் துடைத்துக்கொண்டே அந்த அம்மா சொன்னார்: "என் அப்பா வேலை பார்த்த அலுவலகத்து வாசலில் இதே மாதிரி ஒரு கழுகு இருந்தது. மரத்தில் செய்தது. திருநாளுக்கு முன்னால் ஓர் ஆள் ஏணி போட்டு ஏறிப் பொன்வண்ணம் பூசுவான். நான் அப்போது சின்னப் பெண். கீழே நின்று, 'இதில் எந்தத் தலைக்கு முதலில் பசிக்கும்?' என்று கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'இது பசிக்காத பறவை, பாப்பா. அதனால்தான் வாசலில் வைத்திருக்கிறார்கள்' என்றான்."

லுக்யான் சிரித்தார். சிரித்துக்கொண்டே கரடியைப் பார்த்தார். களிம்புக் கிண்ணத்துக்குள் அது மூக்கை நுழைத்துக்கொண்டிருந்தது. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

பட்டையை அவர் மறுபடி மாட்டவில்லை; கேட்டவர்களிடம் கொக்கி துருப்பிடித்துவிட்டது என்றார். சங்கிலியை மட்டும் ஒரு பழைய கம்பளியில் சுற்றி, தோளைச் சுற்றித் தளர்வாகக் கட்டினார்.

குளிர் இறங்கத் தொடங்கியது. ஒருநாள் போத்தாப் கஞ்சியைத் தொடவில்லை. மறுநாள் லுக்யான் நகரத்துக்குப் போய் மீன் வாங்கி வந்தார். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டது. ஆப்பிளை வைத்தார். அதையும் தொடவில்லை. சங்கிலி எட்டுகிற தூரத்தில், சுவரோரமாக, மண்ணைப் பறித்துக்கொண்டே இருந்தது. கல் தட்டியதும் நிறுத்தும். இன்னோரிடத்தில் பறிக்கும். அங்கேயும் கல்.

லுக்யான் சமையலறைக்கு ஓடினார்.

"அம்மா, போத்தாப் சாகப்போகிறது. சாப்பிடுவதை நிறுத்திவிட்டது."

மெலானியா அம்மா மாவு பிசைந்துகொண்டிருந்தார். "உங்கள் ஊர்க் காட்டில் இந்த மாதம் கரடி என்ன செய்யும்?"

"உங்களுக்குத் தெரியாததா? குகை தேடிப் போய்ப் படுக்கும். வசந்தம்வரை எழுந்திருக்காது."

"இது எப்போதாவது படுத்ததுண்டா?"

லுக்யான் பழைய குளிர்காலங்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார்.

படையில் இருந்தபோது டிசம்பரில் புனித நிக்கலாய் திருநாள்தான் படைப்பிரிவின் விழா. போத்தாப் கண் சொருகி விழும். அதன் காதருகே எக்காளம் ஊதுவார்கள். வாயில் வோட்கா ஊற்றி எழுப்புவார்கள். எழுந்து நிற்கும். இங்கே வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமைகள் நிற்கவில்லை. பனி கொட்டினாலும் ஆட்கள் ரொட்டியும் கண்ணீருமாக வந்தார்கள். அது பிறந்ததிலிருந்து ஒரு குளிர்காலம்கூடத் தூங்கவில்லை.

அவர் மெதுவாகச் சொன்னார்: "இல்லை அம்மா. அதற்கு நேரம் கிடைக்கவில்லை."

மெலானியா அம்மா மாவை மூடி வைத்தார்.

அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை வரும்வரை காத்திருக்காமல் கர்னல் ஷெர்பினினே மலையேறி வந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"லுக்யான், இந்தத் திருநாளுக்குத் தலைநகரத்திலிருந்து நம் ஆட்கள் வருகிறார்கள். படம் பிடிக்கிறவரும் வருகிறார். நீ கொடியோடு நிற்கவேண்டும். பக்கத்தில் போத்தாப். பட்டையைத் துலக்கி வை."

"ஐயா, அதற்குக் கண் சொருகுகிறது. சாப்பிடவில்லை."

"எழுப்பு. எப்போதும் எழுப்புகிறோம் இல்லையா?"

லுக்யான் தலையைக் குனிந்துகொண்டார். கர்னல் கரடியின் அருகில் போனார். கையை அதன் நெற்றியில் வைத்தார். அவருடைய இரண்டு மகன்களும் போரில் இறந்தவர்கள். இருவரும் சிறுவயதில் இந்தக் கரடியின் முதுகில் ஏறி விளையாடியவர்கள்.

"அந்தக் காலத்தில் வெளிநாட்டுப் பத்திரிகைக்காரர்கள் நம்மைக் கரடியாக வரைந்து கேலி செய்வார்கள்" என்றார். "எனக்கு ரத்தம் கொதிக்கும். இப்போது பார், வெளிநாட்டு மண்ணில் நின்று ஒரு கரடிக்கு சல்யூட் அடித்துக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன இருக்கிறது நமக்கு?"

அவர் போன பிறகு லுக்யான் மெலானியா அம்மாவைத் தேடிப் போனார்.

"அம்மா, என்ன செய்வது? நீங்கள் உத்தரவிடுங்கள். வாழ்நாள் முழுக்க உத்தரவுக்குக் கீழ்ப்படிந்தவன் நான். அவிழ்த்துவிடு என்றால் அவிழ்த்துவிடுகிறேன்."

"நான் சொன்னால் அது என் கரடியாகிவிடும்."

"இப்போது யாருடைய கரடி?"

அந்த அம்மா கொடியில் காய்ந்த துணிகளை எடுக்கத் தொடங்கினார்.

மறுநாள் காலை முதல் பனி விழுந்திருந்தது. லுக்யான் ஒரு மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு வந்து, சங்கிலியை அவிழ்த்தார்.

போத்தாப் ஓடவில்லை. அவரைப் பார்த்தது. அவர் நடந்தார். அது பின்னாலேயே வந்தது. விறகுக்குப் போகிற பாதையில் மேலே மேலே ஏறினார்கள். மரங்கள் நெருங்கின. செர்பிய ஆட்கள் அந்தக் காட்டில் கரடிகள் உண்டு என்று சொல்லக் கேட்டிருந்தார். நடுவில் ஓரிடத்தில் மூச்சு வாங்கி உட்கார்ந்தபோது, போத்தாப் அவர் மடியில் தலையை வைத்துக்கொண்டு கண்ணை மூடியது.

"இங்கே இல்லை. இன்னும் கொஞ்சம்" என்றார்.

வேரோடு சாய்ந்துகிடந்த ஒரு பெரிய மரம். வேருக்கடியில் பள்ளம். வாசல் காற்றுக்கு எதிர்ப்பக்கம். லுக்யானின் அப்பா வேட்டைக்காரர். கரடி எப்படிப்பட்ட இடத்தைத் தேர்ந்தெடுக்கும் என்பது அவருக்குத் தெரியும். மண்வெட்டியால் பள்ளத்தைக் குடைந்தார். பாசியைச் சுரண்டிப் பரப்பினார். ஊசியிலைக் கிளைகளை ஒடித்து அதன்மேல் போட்டார். வியர்த்துவிட்டது.

"போ, போத்தாப். உள்ளே போ."

போத்தாப் அவரைப் பார்த்தது. பள்ளத்தைப் பார்த்தது. வாசலிலேயே உட்கார்ந்துகொண்டது.

அதற்கு என்ன தெரியும்? கற்றுக்கொடுக்கவேண்டிய தாயை அது கண் திறந்த சில நாளிலேயே சுட்டுவிட்டார்கள். அணிவகுக்கத் தெரியும். நிற்கத் தெரியும். அழுகிறவர்களைப் பொறுத்துக்கொள்ளத் தெரியும். படுக்கத் தெரியாது.

லுக்யான் தொப்பியைக் கழற்றி வைத்தார். முட்டி போட்டுத் தவழ்ந்து, தானே உள்ளே போனார். கடைசிவரை போய், பாசியில் ஒருக்களித்துப் படுத்து, முழங்காலை மடக்கிக்கொண்டார்.

கொஞ்ச நேரம் வாசல் வெளிச்சமாக இருந்தது. பிறகு இருட்டிற்று. போத்தாப் உள்ளே வந்துகொண்டிருந்தது. மோந்தது. ஒருமுறை சுற்றியது. அவருக்கும் வாசலுக்கும் நடுவில் பெரிய மூட்டைபோலச் சரிந்தது. முதுகு அவர் நெஞ்சை அழுத்தியது. அது ஒருமுறை புரண்டால் தன் விலா எலும்பு மிஞ்சாது என்று அவருக்குத் தெரியும்.

அவர் அசையவில்லை. கரடியின் மூச்சைக் கேட்டுக்கொண்டு கிடந்தார். அது நீண்டது. இன்னும் நீண்டது. ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவில் வெகுதூரம் போய்வருவதுபோல இருந்தது.

மண் வாசனை வந்தது. ஈரமான, குளிர்ந்த, கிழங்கு தோண்டிய மண்ணின் வாசனை. கிழங்குக் காலத்தில் பிரஸ்கோவ்யாவின் கையில் இந்த வாசனைதான் இருக்கும். எவ்வளவு தேய்த்துக் கழுவினாலும் போகாது. ராத்திரி அந்தக் கையால்தான் அவர் முகத்தைத் தடவுவாள்.

"பிரஸ்கோவ்யா" என்றார்.

கப்பலேறிய நாளிலிருந்து அவர் அந்தப் பெயரை வாய்விட்டுச் சொன்னதில்லை. சொன்னால் ஏதோ உடைந்துவிடும் என்று பயந்திருந்தார். இப்போது சொன்னார். இன்னொரு முறை சொன்னார். கரடியின் முதுகு முடிக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதார். அழுதபடியே தூங்கிப்போனார்.

விழித்தபோது வாசலில் வெளிச்சம் சாய்ந்திருந்தது. போத்தாப்பின் மேலேயே ஊர்ந்து, அங்குலம் அங்குலமாக வெளியே வந்தார். அது தொண்டைக்குள் லேசாக உறுமிற்று. முன்னங்காலைத் தூக்கி மூக்கின்மேல் வைத்துக்கொண்டது. எழுந்திருக்கவில்லை.

வாசலில் கிளைகளைச் சாத்திவிட்டு இறங்கி வந்தார். மெலானியா அம்மா கிணற்றடியில் இருந்தார். வெறும் சங்கிலியையும் அவரையும் பார்த்தார்.

"தாடியில் பாசி ஒட்டியிருக்கிறது, லுக்யான்" என்றார். வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனார்.

புனித நிக்கலாய் திருநாள் வந்தது. பழைய சீருடைகளைத் துவைத்து மாட்டிக்கொண்டு நகரமே மலையேறியது. எக்காளம் வந்தது. உறையிலிருந்து கொடி வெளியே வந்தது. படம் பிடிக்கிறவர் முக்காலியில் கேமராவை நிறுத்தினார். கர்னல் முன்னால் நடந்து வந்தார். மடத்துப் பின்புறம் திரும்பியதும் நின்றார்.

"சங்கிலி ஏன் காலியாகக் கிடக்கிறது?"

"அவிழ்த்துவிட்டேன் ஐயா."

"யார் உத்தரவு?"

மெலானியா அம்மா பத்தடி தள்ளி நின்றிருந்தார். லுக்யான் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"யாரும் சொல்லவில்லை. நானே செய்தேன்."

கூட்டத்தில் ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். கர்னல் காலிச் சங்கிலியைக் காலால் தள்ளினார்.

"அங்கே வாசல்களில் இருந்த கழுகையெல்லாம் இடித்துத் தள்ளிவிட்டார்கள். கொடியைக் கிழித்தார்கள். கல்லறைச் சிலுவையைக்கூட விடவில்லை. மிச்சமிருந்தது இது ஒன்று. இதை ஓடவிட்டாயா நீ?"

"ஓடவில்லை ஐயா. தூங்குகிறது."

"அப்படியென்றால் போய் எழுப்பு."

"மாட்டேன் ஐயா."

லுக்யான் அந்த வார்த்தையை ஓர் அதிகாரியிடம் சொன்னது அதுதான் முதல் தடவை. சொன்ன பிறகும் விறைத்து நின்றபடிதான் இருந்தார். கர்னலின் கை மேலே எழுந்தது. அடிப்பதற்கா, முகத்தை மூடிக்கொள்வதற்கா என்று அவருக்கே தெரியவில்லை போலிருந்தது.

மெலானியா அம்மா அருகில் வந்தார். "கர்னல், வந்து பார்க்கிறீர்களா?"

"எதைப் பார்க்க?"

"மூச்சை."

மூன்று பேரும் காட்டுக்குள் ஏறினார்கள். பனி முழங்கால்வரை இருந்தது. கர்னல் இரண்டு முறை சறுக்கினார். லுக்யான் தோள் கொடுத்தார்.

சாய்ந்த மரம் வெள்ளை மேடாகியிருந்தது. குகை வாசலே தெரியவில்லை. மேட்டில் ஓரிடத்தில் மட்டும் ஒரு கை நுழைகிற அளவுக்குத் துளை. துளையைச் சுற்றிப் பனி மஞ்சளாக உறைந்திருந்தது. அதிலிருந்து, எப்போதாவது ஒருமுறை, மெல்லிய ஆவி எழுந்தது.

கர்னல் அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு பனியில் மண்டியிட்டார். கையுறையைக் கழற்றினார். உள்ளங்கையைத் துளையின்மேல் பிடித்தார்.

ஆவி வந்தது. நின்றது. வெகுநேரம் ஒன்றுமில்லை. கர்னலின் முகம் மாறியது. மறுபடி வந்தது.

"சூடாக இருக்கிறது" என்றார், யாரிடமோ சொல்வதுபோல.

கை விறைத்து நீலம் பாரிக்கும்வரை அவர் எழுந்திருக்கவில்லை. எழுந்ததும் லுக்யானிடம், "பட்டை எங்கே?" என்று கேட்டார்.

லுக்யான் கோட்டுக்குள்ளிருந்து எடுத்துக் கொடுத்தார். கர்னல் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். இறக்கை முனையை விரலால் தொட்டார். அதில் ஒட்டியிருந்த முடியைப் பார்த்தார்.

"என் சட்டைப்பையில் இருக்கட்டும். என்னை உறுத்தினால் பரவாயில்லை" என்றார்.

கீழே இறங்கியதும் எக்காளக்காரர் எக்காளத்தை உதட்டில் வைத்தார். கர்னல் கையை ஆட்டித் தடுத்தார்.

"வேண்டாம். தூங்குகிறது."

அந்தத் திருநாளை மடத்துச் சமையலறையில் கொண்டாடினார்கள். சமோவாரில் தேநீர் கொதித்தது. நெருக்கியடித்து உட்கார்ந்து எல்லாரும் தாழ்ந்த குரலில் பேசினார்கள், பக்கத்து அறையில் குழந்தை தூங்குகிற வீட்டில் பேசுவதுபோல. செருப்புத் தைக்கிற பிரபு தன் ஊர்ப் பெயரைப் பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார். "அப்படியா, என் அத்தையும் அங்கேதான்" என்றார் அவர்.

குளிர்காலம் நீண்டது. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் குறைந்தது. கர்னல் மட்டும் வருவார். காட்டுப் பக்கம் பார்த்தபடி கொஞ்ச நேரம் நிற்பார். லுக்யானோடு சேர்ந்து விறகு அடுக்கிவிட்டுப் போவார். பால் கொண்டுவருகிற செர்பியப் பெண்ணிடம் லுக்யான் ஒருநாள், உருளைக்கிழங்குக்கு உங்கள் பாஷையில் என்ன என்று கேட்டார். சொன்னாள். அவர் திருப்பிச் சொன்னதைக் கேட்டு வயிறு வலிக்கச் சிரித்தாள்.

எப்போது ஊருக்குப் போவேன் என்ற கேள்வியை அவர் மறக்கவில்லை. ஆனால் அந்தக் குளிர்காலத்தில் கேட்கவில்லை.

பனி உருகி ஓடைகள் இரைய ஆரம்பித்த ஒரு காலையில் லுக்யானும் மெலானியா அம்மாவும் மேலே ஏறினார்கள். குகை வாசல் உடைந்து திறந்திருந்தது. உள்ளே பாசி நசுங்கி, ஒரு பெரிய உடலின் அச்சாகக் கிடந்தது. லுக்யான் கையை வைத்துப் பார்த்தார். சூடு இல்லை.

வெளியே சேற்றில் காலடித் தடங்கள். கொஞ்ச தூரம் போய்ப் பாறையில் மறைந்துவிட்டன.

லுக்யான் பாறையின் மறுபக்கம் போய்த் தேடினார். குரல் கொடுத்தார். மலை அவர் குரலைத் திருப்பிக் கொடுத்தது. திரும்பி வந்து, சாய்ந்த மரத்தில் அந்த அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"கிழக்கே போயிருக்குமா, அம்மா?"

"கிழக்கே என்ன இருக்கிறது?"

"நம் நாடு."

"குளிர்காலம் முழுக்கத் தூங்கி எழுந்த கரடிக்கு என்ன வேண்டியிருக்கும்?"

லுக்யான் யோசித்தார். "புல். எறும்பு. தண்ணீர்."

"அது இருக்கிற பக்கம் போயிருக்கும்."

லுக்யான் தலையாட்டினார். கண்ணீர் தாடிக்குள் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. ஓடை இரைச்சல் கேட்டுக்கொண்டே இருந்தது.

பிறகு அவர் கேட்டார்: "அம்மா, நகரத்தில் உங்களைப் பற்றி ஒன்று சொல்கிறார்கள். கோபித்துக்கொள்ள மாட்டீர்களே?"

"சொல்லுங்கள்."

"உங்களுக்கு நெஞ்சு கல் என்கிறார்கள். நாங்கள் எல்லாரும் அழும்போது நீங்கள் பாத்திரம் கழுவிக்கொண்டிருப்பீர்களாம். ஊரைப் பற்றி ஒரு வார்த்தை பேசமாட்டீர்களாம். நிஜமாகவே உங்களுக்கு ஏக்கம் கிடையாதா?"

மெலானியா அம்மா சேற்றில் பதிந்திருந்த ஒரு தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குள் தண்ணீர் ஊறத் தொடங்கியிருந்தது.

"இருக்கிறது" என்றார்.

"இத்தனை வருஷமாகக் கூடவே இருக்கிறேன். ஒரு தடவைகூட அதை நான் பார்த்ததில்லையே."

"நான் அதைக் கட்டிப்போட்டு வைக்கவில்லை, லுக்யான். வரும். போகும்."